பழைய கேம் பெட்டிக்குப் புத்துயிர்: ‘மோட்’ செய்து அந்தக்கால விளையாட்டுகளை ஏற்றும் முன் அறிய வேண்டியவை

பினாங்கு, டத்தோ கிராமாட் வட்டாரத்தில் காலை வேளையில் நடந்தால் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையைத் தவறவிட முடியாது. நகர அரங்கத்தை ஒட்டிய அந்தச் சந்தையில் பழைய நாணயம், கைக்கடிகாரம், வானொலி, மின்சாதனம் எனக் கைமாறி வந்த பொருள்கள் தரையில் விரித்து விற்கப்படும். டத்தோ கிராமாட் சாலையின் மறுமுனையில் கொம்தார். அங்கும் பக்கத்துப் பிராங்கின் மாலிலும் கைப்பேசி, கணினி, வீடியோ கேம் கடைகளில் அலைந்து வளர்ந்த தலைமுறை இன்று நாற்பதைத் தொட்டுவிட்டது.

அந்தத் தலைமுறையின் வீடுகளில், அலமாரி மேல்தட்டில் ஒரு பிளேஸ்டேஷன் 2, ஓர் எக்ஸ்பாக்ஸ் அல்லது ஒரு வீ தூசி படிந்து கிடக்கும். அதை எடுத்து, ‘மோட்’ செய்து, சிறுவயதில் ஆடிய விளையாட்டுகளை ஏற்றிப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. இன்று அந்த வேலை கடினமானதல்ல. பெரும்பாலும் உளியும் வேண்டாம், ஈயப் பற்றவைப்பும் வேண்டாம். அவசரத்தில் அந்தப் பெட்டிக்குள் ஏற்கெனவே இருப்பதை அழித்துவிடாமல் இருப்பதும், சட்டம் எங்கே கோடு போடுகிறது என்று தெரிந்திருப்பதும்தான் கடினம். இக்கட்டுரை அந்த இரண்டையும் முன்வைத்துச் செய்முறையை விளக்குகிறது.

மைக்ரோ ஜீனியஸ் காலத்திலிருந்து

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் ஃபாமிகாம் என்ற சாதனத்தை வெளியிட்டது. மலேசியாவில் பலர் அதை நேரடியாகப் பார்த்ததே இல்லை. அவர்கள் கையில் வந்தது தைவானில் செய்யப்பட்ட அதன் நகல். பெயர் மைக்ரோ ஜீனியஸ். பெயர் எவ்வளவு பரவியது என்றால், எந்த வீடியோ கேமையும் ‘மைக்ரோ ஜீனியஸ்’ என்றே அழைத்த வீடுகள் இருந்தன. ஒரே காட்ரிஜில் பல விளையாட்டுகள் அடங்கியிருக்கும். தீபாவளிக்கு மாமா, சித்தப்பா பிள்ளைகள் கூடிவிட்டால் இரண்டு கைப்பிடிகளுக்கு எட்டுப் பேர் வரிசையில் நிற்பார்கள்.

பிறகு குறுந்தட்டுக் காலம் வந்தது. பிளேஸ்டேஷன் 2 சாதனம் 2000 மார்ச்சில் ஜப்பானில் அறிமுகமாகி, உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்றது. ஹாங்காங், சிங்கப்பூர், மலேசியச் சந்தைக்கென வந்தவற்றின் மாடல் எண் 6-இல் முடியும்: எஸ்சிபிஎச்-50006, எஸ்சிபிஎச்-70006 போல. மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸ் 2001 நவம்பரிலும், நிண்டெண்டோவின் வீ 2006 நவம்பரிலும் வெளிவந்தன.

அக்காலத்தில் ‘சிப் போட்ட’ பெட்டி என்றாலே திருட்டு வட்டு ஆடும் பெட்டி என்றுதான் பொருள். நாட்டில் திருட்டு வட்டு வணிகம் பெரிதாக நடந்தது. 2007-இல் லக்கி, ஃப்ளோ என்ற இரண்டு லாப்ரடார் நாய்கள் வட்டுகளை மோப்பம் பிடிக்கப் பயிற்றப்பட்டு மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. ஜொகூர் பாருவில் அவை பெரும் பதுக்கலைக் கண்டுபிடிக்க, வட்டுக் கும்பல்கள் அவற்றின் தலைக்கு விலை வைத்ததாகச் செய்தி வந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த வரலாற்றின் நிழல் இன்றும் ‘மோட்’ என்ற சொல்லின் மேல் விழுகிறது. ஆனால் மோட் செய்வதும் திருட்டுப் பிரதி ஆடுவதும் ஒன்றல்ல.

‘மோட்’ என்பது என்ன?

இச்சாதனங்கள் தயாரிப்பாளர் கையொப்பமிட்ட நிரல்களை மட்டுமே இயக்கும்படி பூட்டப்பட்டவை. அந்தப் பூட்டைக் கடந்து, தனியார்வலர்கள் எழுதிய நிரல்களையும் இயங்கச் செய்வதே மோட். இது இரண்டு வகைப்படும்.

முதலாவது, சிப் வைப்பது. பெட்டியைத் திறந்து தாய்ப்பலகையில் சில்லு ஒன்றைப் பற்றவைக்க வேண்டும். இரண்டாவது, மென்மோட். சாதனத்தின் மென்பொருளில் உள்ள ஓர் ஓட்டையைப் பயன்படுத்தி உள்ளே நுழைவது. பெட்டியைத் திறக்கவே வேண்டாம். இன்று வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவதையே நாடுகிறார்கள்.

உள்ளே நுழைந்த பிறகு எமுலேட்டர் என்ற நிரலை ஏற்றலாம். இது பழைய சாதனம் ஒன்றின் வேலையைப் புதிய சாதனத்தில் செய்துகாட்டும் மென்பொருள். காட்ரிஜில் இருந்த விளையாட்டைக் கோப்பாக மாற்றினால் அதற்கு ரோம் கோப்பு என்று பெயர். எமுலேட்டர் என்பது இயக்கி, ரோம் என்பது விளையாட்டு. சட்டம் இவ்விரண்டையும் வெவ்வேறாகப் பார்க்கிறது என்பதால் இந்த வேறுபாடு முக்கியம்.

எந்தப் பெட்டி எதற்கு ஏற்றது?

வீ: 729 மெகாஹெர்ட்ஸ் செயலி, 512 எம்பி உள்நினைவகம், எஸ்டி அட்டைத் துளை ஆகியவை உண்டு. நிண்டெண்டோ, சூப்பர் நிண்டெண்டோ, சேகா மெகா டிரைவ் காலத்து விளையாட்டுகளைத் திணறாமல் ஆடும். முதன்முறை செய்பவர்களுக்கு இதுவே எளிது.

எக்ஸ்பாக்ஸ்: 733 மெகாஹெர்ட்ஸ் செயலி, 64 எம்பி நினைவகம், உள்ளேயே ஹார்ட் டிஸ்க். எமுலேட்டர்களுக்கு நல்ல பெட்டி. இன்று கோடி என்ற பெயரில் அறியப்படும் ஊடக இயக்கி, மோட் செய்த எக்ஸ்பாக்ஸில் பிறந்ததுதான். 2014 வரை அதன் பெயர் எக்ஸ்பிஎம்சி.

பிளேஸ்டேஷன் 2: சுமார் 295 மெகாஹெர்ட்ஸ் செயலி, 32 எம்பி நினைவகம். 16-பிட் எமுலேட்டர்கள் சற்றுத் தடுமாறும். ஆனால் முதல் பிளேஸ்டேஷனின் வட்டுகளையும் தன் வட்டுகளையும் ஆடவே செய்யப்பட்ட பெட்டி இது. கையில் அசல் வட்டுகள் நிறைய இருந்தால் இதுவே சிறந்தது.

கை வைக்கும் முன் மூன்று சோதனைகள்

1. மின்சாரம். மலேசியாவின் மின்னழுத்தம் 230 முதல் 240 வோல்ட். ஜப்பானிலிருந்து வந்த பெட்டி 100 வோல்ட்டுக்கும், அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டிருக்கலாம். பழம்பொருள் சந்தையில் வாங்கியதை நேராகச் சுவரில் செருகினால் அந்த நொடியிலேயே கருகிவிடும். பெட்டியின் அடியிலும் அடாப்டரிலும் ஒட்டியுள்ள சிறு எழுத்தைப் படிக்க வேண்டும். வீக்கு உள்ளூர் மின்னழுத்தத்துக்கு ஏற்ற, 12 வோல்ட் தரும் அடாப்டர் தனியாகக் கிடைக்கும். எக்ஸ்பாக்ஸுக்கு மின்வழங்கி உள்ளேயே இருப்பதால் தகுந்த மின்மாற்றி வேண்டும். எக்ஸ்பாக்ஸின் மின்கம்பியையும் பார்க்க வேண்டும். தீ அபாயம் கருதி 2005-இல் மைக்ரோசாஃப்ட் சுமார் 1 கோடியே 41 லட்சம் கம்பிகளை மாற்றித் தர முன்வந்தது.

2. கசியும் மின்தேக்கி. முதல் எக்ஸ்பாக்ஸில் கடிகாரத்துக்கென ஒரு மின்தேக்கி உண்டு. 1.6 பதிப்புக்கு முந்தைய பெட்டிகளில் இது வயதானதும் கசிந்து, தாய்ப்பலகையின் செப்புக் கோடுகளை அரித்துவிடும். பெட்டி அணைந்து அலமாரியில் இருந்தாலும் கசிவு நிற்காது. அதைக் கழற்றிவிட்டால் கடிகாரம் மட்டும் நிற்காது. ஆட்டத்துக்கு எந்தக் குறையும் இல்லை. கழற்றிய இடத்தைச் சுத்தம் செய்வதும் அவசியம். 1.6 பதிப்பில் மட்டும் அதைத் தொடக்கூடாது. பற்றவைப்புத் தெரிந்த எந்தப் பழுதுபார்ப்பவரும் சில நிமிடங்களில் செய்துவிடுவார். எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர் மோட் செய்கிறாரோ இல்லையோ, இதைச் செய்தே ஆக வேண்டும்.

3. சேமிப்புக் கோப்புகள். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பெட்டிக்குள் யாரோ ஒருவர் பல மாதம் ஆடிய ஆட்டம் சேமிப்பாக இருக்கும். வேலைக்குச் சிங்கப்பூர் போன அண்ணன் பாதியில் விட்ட காற்பந்துப் பருவம், இப்போது இல்லாத ஒரு தாத்தா பேரனோடு ஆடிய பந்துவீச்சின் புள்ளிகள், வீயில் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் செய்த பொம்மை முகங்கள். விளையாட்டை எங்கிருந்தும் மீண்டும் பெறலாம். இவற்றைப் பெற முடியாது. ஆகவே முதல் வேலை நகலெடுப்பது.

வீயில் ‘டேட்டா மேனேஜ்மென்ட்’ பகுதி வழியே சேமிப்புகளை எஸ்டி அட்டைக்கு நகலெடுக்கலாம். மரியோ கார்ட் வீ போன்ற சில விளையாட்டுகள் அதை அனுமதிக்காது. அவற்றுக்கு மோட் செய்த பின் தனி நிரல் உதவும். பிளேஸ்டேஷன் 2-இன் 8 எம்பி மெமரி கார்டில் உள்ளதை, மோட் செய்ததும் யூலாஞ்ச்எல்ஃப் என்ற கோப்பு மேலாளர் வழியே யுஎஸ்பி பென்டிரைவுக்கு மாற்றலாம். ஃப்ரீ மெக்பூட் நிறுவுவதற்கு, குடும்பத்தின் பழைய கார்டைத் தொடாமல் வேறொரு கார்டைப் பயன்படுத்துவது நல்லது. பழைய காட்ரிஜ்கள் சிலவற்றில் சேமிப்பைக் காப்பது ஒரு சிறு பட்டன் மின்கலம். அது தீர்ந்தால் சேமிப்பும் போகும்.

வீயில் செய்யும் முறை

வேண்டியவை: 32 ஜிபிக்கு மிகாத ஓர் எஸ்டி அட்டை, கணினி, வீ பெட்டி. அட்டை எஃப்ஏடி32 முறையில் வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும்.

வீயின் கடைசி மென்பொருள் பதிப்பு 4.3. அதற்கு 2011 முதல் பயன்பாட்டில் உள்ள வழி லெட்டர்பாம். வீயின் இணைய அமைப்புப் பகுதியில் காட்டப்படும் மேக் முகவரியைக் குறித்துக்கொண்டு, அந்தப் பெட்டிக்கென ஒரு கோப்பை உருவாக்க வேண்டும். அதை அட்டையில் போட்டுச் செருகினால், செய்திப் பலகையில் சிவப்பு உறையில் குண்டுப் படத்துடன் ஒரு கடிதம் தோன்றும். இன்றைய தேதியில் காணவில்லை என்றால் முந்தைய நாளின் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். நேர வேறுபாட்டால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கடிதத்தைத் திறந்தால் ஹேக்மீ நிறுவி தொடங்கும். முதலில் ஓர் எச்சரிக்கை வரும்: இந்த மென்பொருளுக்கு யாராவது பணம் வாங்கியிருந்தால் நீங்கள் ஏமாற்றப்பட்டீர்கள் என்பது அதன் சாரம். இது இலவசமாகத் தரப்படும் நிரல் என்பதை உருவாக்கியவர்களே திரையில் பதித்திருக்கிறார்கள்.

அதன்பின் இரண்டு பொருள்கள் நிறுவப்படும். ஒன்று ஹோம்புரூ சேனல். தனியார்வலர் நிரல்களைத் திறக்கும் வாசல். மற்றொன்று பூட்மீ. வேறு எதையும் செய்வதற்கு முன், பூட்மீயைத் திறந்து வீயின் உள்நினைவகம் முழுவதையும் அட்டைக்கு நகலெடுக்க வேண்டும். சுமார் 530 எம்பி இடம் பிடிக்கும்; கொஞ்ச நேரமும் ஆகும். அந்த நகலை உடனே கணினியிலும் இன்னோர் இடத்திலும் வைத்துக்கொள்ள வேண்டும். வீயின் இணையக் கடை 2019 ஜனவரி 30-இல் மூடப்பட்டுவிட்டது. அதில் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுகள் உள்நினைவகத்தோடு அழிந்தால் மறுபடி கடையில் வாங்க வழியில்லை. நகல் இருந்தால் கவலையில்லை.

இனி எமுலேட்டர்கள். நிண்டெண்டோவுக்கு எஃப்சிஇ அல்ட்ரா ஜிஎக்ஸ், சூப்பர் நிண்டெண்டோவுக்கு ஸ்நெஸ்9எக்ஸ் ஜிஎக்ஸ், மெகா டிரைவுக்கு ஜெனெசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ். அட்டையில் ‘ஆப்ஸ்’ என்ற கோப்புறைக்குள் ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோப்புறையாகப் போட்டால் ஹோம்புரூ சேனலில் தானே தோன்றும். ரோம் கோப்புகளுக்கு ஒவ்வோர் எமுலேட்டரும் தன் கோப்புறையைக் கேட்கும். அதனுடன் வரும் குறிப்பைப் படித்தால் போதும்.

செய்யக்கூடாத ஒன்று: இணையத்தில் எவரோ சொன்னார் என்று வீயின் உள்கோப்புகளை அழிப்பதும், வேறு நாட்டுப் பதிப்பின் மென்பொருளை ஏற்றுவதும். பெட்டி செங்கல்லாகிவிடும். எஸ்டி துளையே இல்லாத வீ மினிக்கு மேலே சொன்ன வழி பொருந்தாது; அதற்குப் புளூடூத் வழியான புளூபாம் என்ற வேறு முறை உண்டு.

பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ்

பிளேஸ்டேஷன் 2-இல் ஃப்ரீ மெக்பூட் என்ற நிரலை மெமரி கார்டில் நிறுவுவது வழக்கம். கார்டு செருகியிருக்கும்போது மோட். எடுத்துவிட்டால் பழைய பெட்டி. இதனால் பெட்டிக்கு ஆபத்து மிகக் குறைவு. கடைசியாக வந்த எஸ்சிபிஎச்-90006 வகைப் பெட்டிகள் சிலவற்றில் இது வேலை செய்யாது. அவற்றுக்கு 2020-இல் வெளியான ஃப்ரீடிவிடிபூட் கைகொடுக்கும்; பெட்டியின் டிவிடி இயக்கிப் பதிப்புக்கு ஏற்ற வட்டு ஒன்றை எழுதினால் போதும். யுஎஸ்பி துளை 1.1 வகை என்பதால் மெதுவாகவே படிக்கும்; சிறிய பழைய விளையாட்டுகளுக்கு அது தடையல்ல.

எக்ஸ்பாக்ஸில் மெக்அசால்ட், ஸ்பிளிண்டர் செல் போன்ற குறிப்பிட்ட விளையாட்டுகளின் அசல் வட்டும், அதற்கென மாற்றியமைத்த சேமிப்புக் கோப்பும் கொண்டு உள்ளே நுழைகிறார்கள். இங்கே ஒரு பொறி உண்டு. எக்ஸ்பாக்ஸின் ஹார்ட் டிஸ்க், அந்தத் தாய்ப்பலகைக்கு மட்டுமே உரிய கடவுச்சொல்லால் பூட்டப்பட்டது. கடவுச்சொல்லுக்கான தகவல் ஈஈப்ராம் என்ற சிறு சில்லில் இருக்கிறது. மோட் செய்ததும் முதலில் ஈஈப்ராமை நகலெடுத்து வைக்க வேண்டும். இல்லையேல், பின்னாளில் டிஸ்க் கெட்டுப்போனால் மாற்று டிஸ்க் போடுவது பெரும்பாடாகிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. விளையாட்டு பழையதாகிவிட்டது, கடையில் கிடைப்பதில்லை என்பதால் உரிமை காலாவதியாகிவிடாது. 1980-களின் விளையாட்டுகளுக்கும் இன்று உரிமையாளர் உண்டு. ‘ஒரு நாளுக்குள் அழித்துவிட்டால் குற்றமில்லை’ என்று பரவலாகச் சொல்லப்படுவது வெறும் வதந்தி. சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

அதே சட்டத்தின் 40-ஆம் பிரிவு, கணினி நிரலின் அசல் பிரதி வைத்திருப்பவர் அது தொலைந்தாலோ பழுதானாலோ பயன்படுத்தக் காப்பு நகல் எடுப்பதற்கு, நிபந்தனைகளுடன் இடமளிக்கிறது. மறுபக்கம், 2012 திருத்தத்தில் வந்த 36ஏ பிரிவு, படைப்பைக் காக்கும் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைத் தடுக்கிறது; சில விதிவிலக்குகளும் உண்டு. அந்தத் திருத்தம் வந்த ஆண்டிலேயே, அறிவுசார் சொத்துப் பாதுகாப்பில் பின்தங்கிய நாடுகளுக்கான அமெரிக்காவின் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து மலேசியா நீக்கப்பட்டது. வட்டு உற்பத்திக்கு 2000-ஆம் ஆண்டு ஒளிவட்டுச் சட்டம் தனியாக உள்ளது. இவற்றைச் செயல்படுத்துவது உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு.

சுருக்கமாகப் பார்த்தால், தெளிவாகப் பாதுகாப்பான பக்கம் ஒன்று உண்டு: இலவசமாக அனுமதிக்கப்பட்ட விளையாட்டு, உரிமையாளரிடம் வாங்கிய கோப்பு. தெளிவாகத் தவறான பக்கமும் உண்டு: ஆயிரக்கணக்கான விளையாட்டுகளை ஏற்றி விற்பது, அப்படி ஏற்றியதை வாங்குவது. சொந்த வட்டைப் பூட்டுடைத்து நகலெடுப்பது இவ்விரண்டுக்கும் இடையே இருக்கிறது. 40-ஆம் பிரிவும் 36ஏ பிரிவும் உரசும் இடம் அது. வணிக நோக்கில் இறங்குபவர் வழக்கறிஞரிடம் கேட்காமல் இறங்கக்கூடாது.

உரிமையாளர்கள் பழைய விளையாட்டுகளை விற்பனையில் வைப்பதில்லை என்ற குறையும் உண்மையானதே. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பழைய பெட்டியையும் அசல் வட்டையும் பத்திரமாக வைத்திருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

தயக்கமின்றி ஆடக்கூடியவை

சட்டச் சிக்கல் இல்லாத நல்ல விளையாட்டுகள் இருக்கின்றன. ஜப்பானியர் ஒருவர் தனியாக உருவாக்கி 2004-இல் இலவசமாகத் தந்த கேவ் ஸ்டோரி, உலகெங்கும் கொண்டாடப்பட்டது. டூம் விளையாட்டின் முதல் பகுதி இலவசமாகப் பகிர அனுமதிக்கப்பட்டது. அதன் மூலநிரல் 1997-இல் திறந்துவிடப்பட்டதால் பல சாதனங்களுக்கு அது வந்துவிட்டது. பினீத் எ ஸ்டீல் ஸ்கை என்ற சாகச விளையாட்டை அதன் நிறுவனமே 2003-இல் இலவசமாக்கியது. ஸ்கம்விஎம் என்ற நிரல் வழியே வீயிலும் ஆடலாம். பழைய நிண்டெண்டோவுக்கென்றே 2019-இல் புதிதாக எழுதப்பட்ட மைக்ரோ மேஜஸ், ரோம் கோப்பாகவே விற்கப்படுகிறது. நான்கு பேர் சேர்ந்து ஆடலாம். முழு விளையாட்டும் 40 கேபிக்குள் அடக்கம். கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தின் அளவோடு ஒப்பிட்டுக் காட்டினால் பிள்ளைகள் வாய்பிளப்பார்கள்.

படம் சரியாக வரவில்லையா?

பழைய பெட்டிகளின் மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகளுக்குப் புதிய தொலைக்காட்சிகளில் துளை இல்லாமல் இருக்கலாம். எச்டிஎம்ஐ மாற்றி ஒன்று தேவைப்படும். வீக்குக் காம்போனன்ட் கம்பி வாங்கினால் படம் கூர்மையாகும். படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் பெட்டி பழுது என்று நினைக்க வேண்டாம். பெட்டி என்டிஎஸ்சி, தொலைக்காட்சி பால் என்ற முறை வேறுபாடாக இருக்கலாம். பொத்தானை அழுத்தி நொடி கழித்துப் பொம்மை குதித்தால், தொலைக்காட்சியில் ‘கேம் மோட்’ அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய குழாய்த் தொலைக்காட்சி வீட்டில் இருந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டாம். இந்தப் பெட்டிகளுக்கு அதைவிட நல்ல திரை கிடையாது.

கடையில் கொடுப்பவர்களுக்கு

சுயமாகச் செய்யத் தயங்குபவர்கள் கடையில் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் கூலி உழைப்புக்குத்தான்; மென்பொருளுக்கு அல்ல. கொடுக்கும் முன் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். சேமிப்புகளை நகலெடுத்துத் தருவீர்களா? உள்நினைவகத்தின் நகல் என் கையில் வருமா? சிப் வைப்பதா, மென்மோட்டா? எக்ஸ்பாக்ஸ் என்றால், அந்த மின்தேக்கியைக் கழற்றிவிடுவீர்களா? நான்குக்கும் தெளிவான பதில் சொல்பவரிடம் பெட்டியை நம்பிக் கொடுக்கலாம். ‘ஐயாயிரம் விளையாட்டு போட்டுத் தருகிறேன்’ என்று மட்டும் சொல்பவரிடம் கொடுக்க வேண்டியதில்லை.

மறுபடி அலமாரிக்குப் போகும் பெட்டியை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன், காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். நம் தட்பவெப்பத்தில் லென்ஸிலும் வட்டிலும் பூஞ்சணம் பிடிக்க அதிக நாள் ஆகாது. சேமிப்பு நகல்கள் உள்ள பென்டிரைவில் யாருடைய ஆட்டம், எந்த ஆண்டு என்று ஒரு சிறு காகிதம் எழுதி ஒட்டிவைத்தால், அடுத்த தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்கு வரும்போது விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.